மஞ்சள் சொன்ன சேதி

சிவகாசித் தோழர்களுக்கு லேபிலைப் பற்றி நாம் பாடம் நடத்தத் தேவையில்லை. தீப்பெட்டிக்கு லேபில், சரவெடிக்கு லேபில், மத்தாப்புப் பெட்டிக்கு லேபில்! ஊர் உறங்கும் நேரத்திலும் அச்சு இயந்திரம் உறங்காமல் அடித்துத் தள்ளுகிற ஊர் அது. லேபில் இல்லாத பெட்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. லேபில் மாறிப் போனாலோ வம்பு! உள்ளே ஒன்று, வெளியே வேறொன்று!

மருத்துவ உலகிலும் ஒரு லேபில் உண்டு. கண்ணுக்குத் தெரியாத துளிமீது ஒட்டி, இருப்பதை இருக்கிறது என்றும், இல்லாததை இல்லை என்றும் காட்டுகிற லேபில்.

இன்னொரு லேபிலும் உண்டு. அதை எந்த அச்சகமும் அடிப்பதில்லை. மனிதன் மனிதன்மீது ஒட்டுகிற லேபில் அது. தாழ்ந்தவன், கெட்டுப்போனவள், கிட்டே வராதே, தொடாதே! அந்த லேபிலைத்தான் சொல்கிறோம்.

முதல் லேபில் உயிரைக் காக்கிறது. மற்றது உயிரைக் குடிக்கிறது. முதல் லேபிலைக் கையில் எடுத்து, மற்ற லேபிலைக் கிழித்தெறியப் பாடுபட்டவர் ஒரு பெண்மணி. பெயர், டாக்டர் சுனிதி சாலமன். 2015ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள் சென்னையிலே கண்மூடினார். பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. அவர் கதையைத்தான் இன்று சொல்ல முற்படுகிறோம். கந்தகத்தோடு மல்லாடும் நமக்கும் அந்த அம்மையாருக்கும் என்ன உறவு என்று கேட்கும் தோழர், கடைசி வரியையும் படித்துவிட வேண்டுகிறோம். உறவு உண்டு, நெஞ்சைச் சுடும் உறவு!

சென்னையிலே தோல் வாணிபம் செய்துவந்த மராட்டியக் குடும்பம். கைதொண்டே என்பது குடும்பப் பெயர். அங்கே பிறந்த பெண் சுனிதி. ஆண்டுதோறும் வீடு தேடி வந்து அம்மை குத்திப் போகும் சுகாதார அதிகாரியைப் பார்த்துப் பார்த்து, தானும் மருத்துவராக வேண்டும் என்று ஆசை கொண்டதாம் அந்தப் பிஞ்சு உள்ளம். வாணிபக் குடும்பத்துப் பெண்ணுக்கு வரன் பார்ப்பார்கள், நகை பார்ப்பார்கள். இந்தப் பெண்ணோ சென்னை மருத்துவக் கல்லூரி வாயிலைப் பார்த்தாள்.

கல்லூரி பட்டம் தந்தது. வாழ்க்கைத் துணையையும் தந்தது. விக்டர் சாலமன், பின்னாளில் இருதய அறுவை மருத்துவராக விளங்கியவர். அவர் கிறிஸ்தவர், இவர் இந்துக் குடும்பத்துப் பெண். அவர் தமிழ்நாட்டவர், இவர் மராட்டிய வழியினர். சாதி கேட்டு, மதம் கேட்டு, நாள் கேட்டு, கோள் கேட்டு நடக்கும் மணங்களுக்கு நடுவே, மனம் கேட்டு நடந்த மணம் அது. மனிதருக்கும் மனிதருக்கும் நடுவே எழுப்பிய சுவரை மதிக்காத மனம், அன்றே அம்மையாருக்கு வாய்த்துவிட்டது. பின்னாளில் பெரும் சுவர் ஒன்றை இடிக்க வேண்டியிருந்ததே, அதற்கு இது முன்னோட்டம்!

இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று கடல் கடந்து பயின்று, பணிபுரிந்து, 1973இல் இருவரும் சென்னைக்குத் திரும்பினர். அங்கேயே தங்கிப் பொருள் குவித்திருக்கலாம். பிறந்த மண்ணிலே தொண்டு செய்யவே விரும்பினர். தாம் பயின்ற சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே நுண்ணுயிரியல் ஆசிரியையாக அமர்ந்தார் சுனிதி.

ஆண்டு 1981. அமெரிக்காவிலே புதிய நோய் ஒன்று தலைகாட்டிற்று. உடலுக்குள் கோட்டைக் காவலர் போல் இருக்கும் வெள்ளணுக்களையே அழித்து, காவலற்ற கோட்டைக்குள் கண்ட நோயையும் நுழையவிடும் கொடிய நோய். எய்ட்ஸ் என்று பெயரிட்டனர். 1983இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆய்வகத்தார் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டனர். 1985இல் இரத்தத்திலே அதன் தடத்தைக் காட்டும் சோதனை அமெரிக்காவிலே விற்பனைக்கு வந்தது.

இங்கே என்ன பேசினார்கள் தெரியுமோ? அது மேல்நாட்டு நோய். நமது புண்ணிய பூமியை அண்டாது. கற்பும் கட்டுப்பாடும் காக்கும் நாடு இது! இப்படிப் பழம்பெருமையைப் போர்த்திக்கொண்டு பலர் உறங்கினர். கிருமிக்கு வேதம் தெரியுமா? புராணம் படித்த உடல், படிக்காத உடல் என்று பார்த்தா புகுகிறது?

சுனிதி அம்மையார் உறங்கவில்லை. பெருமை பேசுவதைவிடப் பரிசோதித்துப் பார்ப்பது மேல் என்று எண்ணினார். பகுத்தறிவு என்பது அதுதானே! 1985இன் இறுதி. அவரிடம் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தவர் நிர்மலா என்ற மாணவி. ஆய்வுக்குப் பொருள் தேடிய அவரிடம், எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று தேடும் பணியை ஒப்படைத்தார். நிர்மலா முதலில் தயங்கினார். சிற்றூரில் வளர்ந்தவர், குழந்தைகளின் தாய். கணவர்தான் துணிவூட்டினார். மனைவியைத் தம் ஸ்கூட்டரிலேயே அழைத்துச் சென்றார். அடுப்பங்கரையை விட்டு நகராதே என்று அதட்டும் ஆடவருக்கு நடுவே, இப்படியும் ஒரு தோழர்!

இரத்தம் யாரிடம் எடுப்பது? உடலை விற்று வயிறு வளர்க்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்ட பெண்கள், பொது மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவிற்கு வருவர். காவலர் பிடித்துவந்து அடைத்த இல்லத்திலும் இருப்பர். அங்கெல்லாம் சென்றார் நிர்மலா. கையுறை கிடையாது, காப்பு உடை கிடையாது. மூன்று திங்களில் எண்பது பேரிடம் இரத்தம் பெற்றார். அதைச் சேர்த்து வைக்கக் கல்லூரியிலே தக்க ஆய்வகம்கூட இல்லை. சுனிதி அம்மையார் கிடைத்த கருவிகளை இரவல் வாங்கிச் சிறு ஆய்வகம் ஒன்றை ஒப்பேற்றினார். அதிலே இரத்தத்திலிருந்து தெளிநீரைப் பிரித்தனர். எங்கே வைத்தனர்? நிர்மலாவின் வீட்டுக் குளிர்பெட்டியிலே! காய்கறியும் பாலும் இருக்கும் பெட்டியிலே இந்திய மருத்துவ வரலாறு காத்துக்கிடந்தது.

சோதனை செய்யும் வசதி சென்னையிலே இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. அம்மையார் ஏற்பாடு செய்தார். 1986 பிப்ரவரியில் ஓர் இரவு, நிர்மலாவும் கணவரும் குளிர்பெட்டகத்தைச் சுமந்து இரயிலேறினர். காட்பாடியிலே இறங்கி, ஆட்டோவிலே வேலூர் சேர்ந்தனர். பேராசிரியர் ஜேக்கப் ஜான் தம் இளைய ஆய்வாளர் இருவரைத் துணைக்குத் தந்தார். காலையிலே வேலை தொடங்கிற்று. நண்பகலில் மின்சாரம் நின்றது. தேநீர் அருந்தப் போனார்கள். திரும்பி வந்து மூடியைத் திறந்தால்... மஞ்சள்! ஆறு மாதிரிகள் மஞ்சளாகியிருந்தன! கண்களையே நம்பாமல் மீண்டும் சோதித்தனர். மீண்டும் மஞ்சள்!

அந்த மஞ்சளின் பொருள் என்ன? இங்கேதான் நாம் சொன்ன லேபில் வருகிறது. சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள், தோழர்களே. கட்டை அடுக்கும் கைகளுக்குப் புரியாத நுட்பம் அல்ல இது.

நோய்க்கிருமி உடலில் புகுந்தால், உடல் சும்மா இருப்பதில்லை. அந்தக் கிருமியை மட்டும் பற்றிப் பிடிக்கும் புரதம் ஒன்றைச் செய்கிறது. பூட்டுக்கு ஏற்ற சாவி போல், அந்தக் கிருமிக்கு அந்தப் புரதம். எதிர்ப்பொருள் என்பர் அறிஞர். சோதனைத் தட்டிலே சிறு சிறு குழிகள். குழியின் அடியிலே கிருமியின் கூறுகளை முன்கூட்டியே ஒட்டவைத்திருப்பர். அதிலே ஒருவருடைய இரத்தத் தெளிநீரை விடுவர். அவருடைய உடலிலே அக்கிருமிக்கான எதிர்ப்பொருள் இருந்தால், அடியிலிருக்கும் கூறை அது கவ்விக்கொள்ளும். பிறகு நன்றாகக் கழுவுவர். கவ்வியது நிற்கும், மற்றது ஓடிவிடும்.

கவ்வியது நிற்கிறதா, இல்லையா? கண்ணுக்குத் தெரியாதே! அதற்குத்தான் லேபில். மனித எதிர்ப்பொருளைப் பிடிக்கும் இன்னோர் எதிர்ப்பொருளை, விலங்கின் உடலிலே உண்டாக்கி எடுத்து, அதன் முதுகிலே நொதி ஒன்றை ஒட்டியிருப்பர். அதைக் குழியிலே விடுவர், மறுபடி கழுவுவர். நிற்கவேண்டியது நின்றிருந்தால், லேபிலும் அதன்மேல் ஒட்டி நிற்கும். கடைசியாக நிறமற்ற மருந்து ஒன்றைச் சொட்டுவர். நொதி அங்கே இருந்தால் மருந்து நிறம் மாறும். இல்லையேல் மாறாது. இந்த முறைக்குப் பெயர் எலைசா. 1971இல் சுவீடன் நாட்டு எங்வால் அம்மையாரும் பெர்ல்மனும் வெளியிட்டது. அதே காலத்தில் ஆலந்து நாட்டாரும் தனியே கண்டறிந்தனர்.

கழுவுவதில் குறை வைத்தால் இல்லாதது இருப்பதாகத் தோன்றும். காலத்திலும் அளவிலும் பிழை செய்தால் இருப்பது மறைந்துபோகும். ஆகவேதான் மஞ்சள் கண்டதும் கூச்சலிட்டுக் கிளம்பவில்லை சுனிதி அம்மையார். அந்த ஆறு பெண்களிடம் மீண்டும் இரத்தம் எடுக்கச் செய்தார். அது அமெரிக்கா சென்றது. வேறொரு முறையிலே சோதித்தனர். ஐயமில்லை, எய்ட்ஸ் கிருமிதான்! 1986 மே திங்களில் தமிழகச் சட்டமன்றத்திலே அன்றைய நல்வாழ்வு அமைச்சர் எச்.வி. ஹண்டே அதை அறிவித்தார். பார்வையாளர் மாடத்திலே ஆசிரியையும் மாணவியும் அமர்ந்திருந்தனர். புண்ணிய பூமி பேசியவர்கள் வாயடைத்துப் போயினர்.

ஆனால், தோழர்களே, அந்த ஆறு பேர் யார்? அவர்களிலே ஒருத்திக்கு வயது 13! கடத்திவரப்பட்டு, விற்கப்பட்ட குழந்தை! பாவத்தின் சம்பளம் என்று இந்நோய்க்கு விளக்கம் சொன்ன உத்தமர்களைக் கேட்கிறோம்: அந்தக் குழந்தை செய்த பாவம் எது? கடத்தியவன் உலாவுகிறான், வாங்கியவன் வாழ்கிறான், நோய் மட்டும் அவள் தலையில், பழியும் அவள் தலையில்! சுனிதி அம்மையாரின் வாழ்வை மாற்றியவள் அந்தச் சிறுமிதான் என்று சொல்லலாம். அதுவரை அவர் கல்லூரி ஆசிரியை; அதற்குப் பிறகு போராளி.

கல்லூரி மருத்துவமனையிலே எய்ட்ஸ் நோயாளிக்கென ஆலோசனைக் குழு அமைத்தார். தொட மறுத்த மருத்துவர்கள் இருந்த காலம் அது. பிரசவம் பார்க்க மறுப்பு. அறுவை செய்ய மறுப்பு. இறந்தவர் உடலைக் கழுவவும் மறுப்பு! வீட்டிலே தனித் தட்டு, தனிப் பாய், தனி மூலை. தீண்டாமையை ஒழித்துவிட்டோம் என்று சட்டப் புத்தகத்தைக் காட்டும் நாட்டிலே, புதிய தீண்டாமை ஒன்று ஆஸ்பத்திரி வழியாக உள்ளே வந்தது. கணவர் விக்டரே முதலில் தயங்கினார். இத்தகைய நோயாளிகளோடு பழகுவது வேண்டாமே என்றார். அம்மையார் வாதாடவில்லை, அவர்களுடைய கதையைக் கேட்டுப் பார்க்கச் சொன்னார். கேட்டவர் மனம் மாறாமலா போகும்?

1993இல் அரசுப் பணியைத் துறந்தார். தந்தையின் பெயரைத் தாங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற அமைப்பைத் தொடங்கினார். பின்னர் சென்னை தரமணியிலே அது பெரிய மருத்துவ மனையாக வளர்ந்தது. லாரி ஓட்டுநர், கூலித் தொழிலாளி, குடும்பத் தலைவி என்று திரள் திரளாக வந்தனர். அங்கே வந்தவர்க்குச் சோதனை மட்டுமல்ல, பேச ஆள் இருந்தது. முடிவைச் சொல்வதற்கு முன் மனத்தைத் தயார்செய்தனர். சொன்ன பின் கையைப் பற்றிக்கொண்டனர். அம்மையார் நோயாளியைத் தொட்டுப் பேசுவார். மாத்திரை தராத தெம்பை அந்தத் தொடுதல் தந்தது.

அங்கே வந்த பெண்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டிலே வெளிவந்தது. நோய் கண்ட பெண்களில் மிகப் பலர் யார்? ஒரே கணவனோடு வாழ்ந்த மனைவியர்! தாலி காக்கும் என்றார்கள்; தாலி கட்டியவன் கொண்டுவந்த கிருமியைத் தாலி தடுக்கவில்லை. கற்புக்குப் பாடம் பெண்ணுக்கு மட்டும் நடத்தும் சமுதாயத்தின் முகத்திலே அந்த ஆய்வு அறைந்தது. நோயோடு வாழும் ஆணுக்கும் பெண்ணுக்கும், அவர்கள் விருப்பம் அறிந்து, திருமணம் பேசி முடிக்கும் வேலையையும் அம்மையார் செய்தார். சாதகம் பார்க்கும் தரகர் நடுவே, இரத்தச் சோதனை பார்த்து மணம் முடித்த தரகர் அவர்!

லேபிலின் வேலை அத்தோடு முடியவில்லை. கிருமி அழிப்பது உடலின் வெள்ளணுக்களில் ஒரு வகையை. அந்த அணுவின் மேனியிலே சிடி4 என்ற புரதம் உண்டு. ஒளிரும் சாயம் ஒட்டிய எதிர்ப்பொருளை விட்டால், அது சிடி4ஐக் கவ்வும், ஒளிக்கற்றையைப் பாய்ச்சினால் மின்மினி போல் ஒளிரும், எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கை 200க்குக் கீழ் இறங்கினால் ஆபத்து என்று கணக்கிட்டு, அந்நாளில் மருந்து தொடங்கினர். உடல் அணுக்கள் ஒன்றுக்கொன்று தந்தி அடிப்பது போல அனுப்பும் புரதங்களையும் இதே வழியில் பிடிக்கிறார்கள். காசக் கிருமியைச் சந்தித்த அணு, அதன் கூறை மீண்டும் கண்டால் இன்டர்பெரான் காமா என்ற சேதிப் புரதத்தை விடும். குழியின் அடியிலே ஓர் எதிர்ப்பொருள் அதைப் பிடித்து நிறுத்தும். லேபில் ஒட்டிய மற்றோர் எதிர்ப்பொருள் மேலே வந்து காட்டிக்கொடுக்கும். நெஞ்சுக்குள் ஒளிந்து உறங்கும் காசத்தையும் இப்படி அறிய முடிகிறது. எல்லாம் ஒரே தத்துவம்: கவ்வு, கழுவு, காட்டு!

அறிவது எதற்கு? அழுவதற்கு அல்ல, வாழ்வதற்கு! 2004 ஏப்ரலில் கூட்டு மருந்தை இலவசமாக வழங்கும் திட்டம் இந்தியாவிலே தொடங்கிற்று. தாம்பரம் மருத்துவமனை அதன் தொடக்க இடங்களில் ஒன்று. ஒன்பது நாடுகளில் 1,763 இணைகளைக்கொண்டு நடந்த ஆய்விலே அம்மையாரின் சென்னை நிலையமும் பங்கு கொண்டது. 2011இல் முடிவு வந்தது. நோய் கண்டவருக்கு உடனே மருந்து தந்தால், துணைவருக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைகிறது! மருந்தை ஒழுங்காக உண்பவர் நெடுநாள் வாழலாம்; நோயற்ற பிள்ளையைப் பெறலாம். இன்று சிடி4 குறையட்டும் என்று காத்திருப்பதில்லை, கண்டவுடன் மருந்து.

2017இல் மைய அரசு, மறைந்த அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது. விருது சரி; அவர் சொல்லிப்போன பாடம் என்னவாயிற்று?

இனி, சிவகாசிக்கு வருவோம். 2018 டிசம்பர். சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு இரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனை இரத்த வங்கியிலிருந்து வந்த இரத்தம். அதிலே எய்ட்ஸ் கிருமி இருந்தது! தாய்க்குத் தொற்றியது. சோதனை என்ன ஆயிற்று? கவ்வு, கழுவு, காட்டு என்ற மூன்றும் என்ன ஆயின? நாடே கேட்டது.

இரத்தம் கொடுத்தவர் ஓர் இளைஞர். உறவினர் உயிருக்காகக் கொடுக்கப் போனவர். முன்பே ஒருமுறை அவர் கொடுத்த இரத்தத்திலே கிருமி தென்பட்டிருந்தும், அச்செய்தி அவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை என்று அன்றைய ஏடுகள் எழுதின. வேறொரு வேலைக்கான பரிசோதனையிலே உண்மை தெரிந்ததும் அவர் என்ன செய்தார்? ஒளிந்தாரா? இல்லை! ஓடிவந்து, தம் இரத்தத்தை யாருக்கும் ஏற்றாதீர் என்று தாமே சொன்னார். அவ்வளவு நேர்மை! அந்த நேர்மையாளரை நாம் காப்பாற்றினோமா? பழிச்சொல்லும் குற்ற உணர்ச்சியும் சூழ, அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரைக் கொன்றது கிருமியல்ல. கிருமிக்கு மருந்து இருந்தது. நாம் ஒட்டிய லேபிலுக்குத்தான் மருந்து இல்லை!

தாய்க்கு மருந்து தரப்பட்டது. 2019 ஜனவரியில் குழந்தை பிறந்தது. நோய் தொற்றாத குழந்தை! அறிவியல் தன் கடமையைச் செய்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு தர ஆணையிட்டது. பணம் இழப்பை ஈடு செய்யுமா?

வெடிமருந்துச் சாலையிலே விபத்து என்றால், கூப்பிடும் முன்னே கை நீட்டி இரத்தம் தர வரிசையிலே நிற்பவர்கள் சிவகாசித் தொழிலாளர்கள். அந்த வரிசை குலையக் கூடாது. அதற்காகவே இவற்றைச் சொல்கிறோம். கொடுக்கும் இரத்தத்தைச் சோதிப்பது அரசின் கடமை. சோதித்த முடிவைக் கொடுத்தவரிடம் மறைவாகவும் மரியாதையாகவும் சொல்வதும் அரசின் கடமை. சோதனைக்கூடத்துக்குப் போதிய ஆட்கள் வேண்டும். அவர்களுக்கு நல்ல பயிற்சி வேண்டும். இதைக் கேட்பது பிச்சை அல்ல, உரிமை. 2018 செப்டம்பரிலே நடைமுறைக்கு வந்த சட்டம், இந்நோய் கண்டவரை வேலையிலிருந்து விரட்டுவதையும், பள்ளியிலும் மருத்துவமனையிலும் ஒதுக்குவதையும் தடுக்கிறது. படித்த தோழர்கள் படிக்காத தோழருக்கு அதை எடுத்துச் சொல்லுங்கள்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. பக்கத்து மேசையில் வேலை செய்பவருக்கு நோய் என்று தெரிந்தால், தட்டைத் தள்ளி வைக்காதீர்கள். ஒன்றாக உண்பதால் தொற்றாது. ஒரே குவளையில் பருகுவதால் தொற்றாது. தோளில் கைபோட்டுப் பேசுவதால் தொற்றவே தொற்றாது. ஐயம் இருந்தால் சோதித்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் சோதனையும் இலவசம், மருந்தும் இலவசம்.

வேலூரிலே அன்று மஞ்சளாக மாறிய ஆறு மாதிரிகளும் ஆறு நோய்களாகச் சுனிதி அம்மையாருக்குத் தெரியவில்லை. ஆறு பெண்களாகத் தெரிந்தன. பெட்டிக்கு லேபில் ஒட்டும் கைகளே, மனிதனுக்கு லேபில் ஒட்டாதீர்கள்! ஒட்டியிருப்பதைக் கண்டால், கிழித்தெறியுங்கள்! அந்த அம்மையாருக்கு நாம் செலுத்தக்கூடிய அஞ்சலி வேறில்லை.